ஜெயபிரகாஷ் சாரின் ரெண்டு தட்டு

"தோத்த டீமோட ஒரே வண்டியில இந்த ஜெயபிரகாஷ் ஊர் திரும்பினதா சரித்திரமே இல்லீங்க!"

எருமப்பட்டிப் பக்கத்துக் கலைக் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழா மேடையில், உடற்கல்வி இயக்குநர் ஜெயபிரகாஷ் இப்படி முழங்கினார். அரங்கம் கைதட்டியது. வரலாற்றுத் துறைத் தலைவர்கூடத் தட்டினார். சரித்திரம் என்ற சொல் காதில் விழுந்ததால் இருக்கலாம்.

அந்த முழக்கத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். பதினான்கு வருடமாக அவர் 'கிராஸ் கன்ட்ரி' எனும் குறுக்கோட்ட அணியைப் போட்டிக்கு அழைத்துப் போனார். பதினான்கு வருடமும் அணி தோற்றது. பதினான்கு வருடமும் பரிசளிப்பு முடிந்த கையோடு அவருக்குச் சேலத்திலோ கரூரிலோ ஓர் அவசர வேலை முளைத்தது. பையன்கள் கல்லூரி வேனில் போவார்கள், அவர் பஸ் ஏறுவார். வேன் ஓட்டும் நாச்சிமுத்து, யாரும் சொல்லாமலே பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டியை ஓரம் கட்டும் அளவுக்கு அது மரபாகிவிட்டது.

ஜெயபிரகாஷுக்கு வயது ஐம்பது. அதில் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் தனியே கூட்டினால் ஐந்து தேறினால் அதிகம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் வாசல் கேட்டைத் திறந்து பார்த்துவிட்டு வருவார்.

"ஆருங்க வந்தாங்க?" என்பார் மனைவி சுகன்யா.

"ஆரும் வரல. வந்துட்டாங்கன்னா?"

இந்தத் தவிப்புக்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. போக்குவரத்துக் காரணம் உண்டு. படிக்கிற காலத்தில் நான்கு கோடை விடுமுறைகளில் அவர் தாய்மாமன் லாரியில் கிளீனராகப் போனார். சந்து பொந்துக் குடோன்களில் லாரி பின்னால் வரும்போது கூடவே ஓடி, "வரட்டும் வரட்டும்" என்று கத்தி, பாடியில் கையால் தட்டுவது கிளீனரின் கடமை. ஒரு தட்டு என்றால் நில். ரெண்டு தட்டு என்றால் போ. பிற்பாடு அவர் பட்டம் வாங்கினார், பட்டயம் வாங்கினார், கழுத்தில் விசில் மாட்டினார். ஆனால் எது நகர்ந்தாலும் கூடவே ஓட வேண்டும் என்ற அரிப்பு மட்டும் காலைவிட்டு இறங்கவே இல்லை.

இந்த வருடம் கதை வேறு மாதிரி இருந்தது. அணி உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுவே அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அவர்களுடைய பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம். இணைப்புக் கல்லூரிகள் எல்லாம் ஆளுக்கு ஆறு பேரை இறக்கும். பத்துக் கிலோமீட்டர். ஒவ்வொரு அணியிலும் முன்னால் வரும் நான்கு பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்பதைக் கூட்டுவார்கள். எந்தக் கல்லூரியின் கூட்டுத்தொகை குறைவோ, அந்தக் கல்லூரியின் ஆறு பேரும் அப்படியே பல்கலைக்கழக அணியாக அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

கோழிப்பண்ணைகளுக்கும் கல்லூரிக்கும் ஒருங்கே அதிபதியான தாளாளர் கண்ணுசாமியிடம் போட்டிக்கு அனுமதி கேட்கப் போனபோது, கடிதத்தில் 'கிராஸ் கன்ட்ரி' என்று இருந்ததை அவர் நெடுநேரம் பார்த்தார்.

"நாட்டுக்கோழி கிராஸுங்களா? எதோட கிராஸ் பண்ணியிருக்கறீங்க?"

"கோழி இல்லீங்க. ஓட்டமுங்க. காடு மேடுன்னு பசங்க ஓடுறது."

"ஜெயிச்சா?"

"அகில இந்தியாவுக்குப் போவாங்க."

"போயி?"

ஜெயபிரகாஷ் கடிதத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். வெளியே வந்தபோது ஆறு பேருக்கும் தினம் நான்கு முட்டை என்று உத்தரவாகியிருந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் அதைக் கொண்டாடினார்கள். பி.காம். மூன்றாம் ஆண்டு தீர்த்தகிரி மட்டும், "சைவமுங்க சார்," என்றான். ஜெயபிரகாஷ் ஒரு வாரம் அவன் பின்னாலேயே சுண்டல் பொட்டலத்தோடு அலைந்தார். தீர்த்தகிரி அதிகம் பேசாதவன், அயோத்தியாப்பட்டணத்துக்காரன். அவனுக்கு இதுவே கடைசி வருடம். "ஒரு தடவை அந்தச் சட்டை போட்டுக்கணும் சார்," என்று எப்போதோ ஒருமுறை சொன்னான். பல்கலைக்கழகத்தின் பேர் அச்சிட்ட சட்டை. அதைக் கேட்ட நாளிலிருந்து ஜெயபிரகாஷ் சாப்பாட்டின்போது மூன்று தரம் கேட்டைத் திறந்தார்.

போட்டி பரமத்தி வேலூரில். வெற்றிலைத் தோட்டத்துக்கும் வாழைக்கும் நடுவே வாய்க்கால் கரையில் ஐந்து கிலோமீட்டர் வட்டம், இரண்டு சுற்று. காலை ஆறு மணிக்குப் பயிற்சியாளர்களைக் கூட்டி வைத்து, நடுவர் மணியன் விதிகளை வாசித்தார். மணியன் ஓய்வு பெற்றவர். சிரிப்பதை அதற்கு முன்பே நிறுத்தியவர்.

"ஓடுற பையனோட சேந்து வெளியாள் ஓடக்கூடாது. கை வைக்கக்கூடாது. வச்சா அந்தப் பையன் போட்டியில இல்லை."

"அதை இன்னொருக்கா சத்தமா வாசிங்க சார்," என்றார் ஜெயபிரகாஷ், போன வருடம் ஜெயித்த சேலத்துக் கல்லூரியின் பயிற்சியாளரைக் கடைக்கண்ணால் பார்த்தபடி. "ஒருசிலருக்குக் காது கேக்கறதில்லைங்க."

மணியன் இன்னொருமுறை வாசித்தார்.

ஆறரைக்கு விசில் ஒலித்தது. ஜெயபிரகாஷ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். டீ வாங்கினார். குடிக்காமல் நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார். வாய்க்கால் பாலத்துக்குப் போனார், திரும்பினார், மறுபடி போனார். முதல் சுற்று முடிந்தபோது நிலவரம் மோசமில்லை. இரண்டாம் சுற்றின் கடைசிக் கிலோமீட்டர் தொடங்கும் இடத்தில், வாய்க்கால் மேட்டில் போய் நின்றுகொண்டு எண்ண ஆரம்பித்தார்.

அவருடைய பையன்களில் அறிவு இரண்டாவது. செந்தமிழன் ஐந்தாவது. அன்பழகன் ஒன்பதாவது. ஆக மொத்தம் பதினாறு. சேலத்துக்காரர்கள் நான்கு பேரும் கடந்து போய்விட்டார்கள்: ஒன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. முப்பத்திரண்டு. பதினாறைக் கழித்தால் மிச்சம் பதினாறு. தன்னுடைய நான்காவது ஆள் பதினாறாவதாக வந்தால் சமம். பதினைந்தாவதாக வந்தால் அகில இந்தியா.

தீர்த்தகிரி பதினேழாவதாக வந்துகொண்டிருந்தான்.

அவனுக்கு முன்னால் மூன்று பேர் கொத்தாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பாதை குறுகல். வலப்பக்கம் மட்டும் ஓர் ஆள் நுழையும் இடம் இருந்தது. அதற்கப்புறம் நடந்ததற்கு ஜெயபிரகாஷின் மூளை பொறுப்பல்ல. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கிளீனர் மேட்டிலிருந்து செருப்போடு குதித்தான். தீர்த்தகிரிக்குப் பக்கத்திலேயே ஓடினான்.

"வரட்டும் வரட்டும்! வலப்பக்கம் எடம் இருக்குது! போ சாமி, போ!"

நனைந்த பனியன் முதுகில் பட் பட் என்று தட்டு விழுந்தது. தீர்த்தகிரி வலப்பக்கமாக நுழைந்தான். ஒருவன், இன்னொருவன், மூன்றாமவன். வாழைத்தோட்டத் திருப்பத்தில் அவன் மறையும்போது பதினான்கு.

முப்பது! ஜெயபிரகாஷ் முடிவுக்கோட்டுக்குக் குறுக்கு வழியாக ஓடினார். பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். அறிவு அவரைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இறக்கி வைத்தான். அவர் நாச்சிமுத்துவைக் கட்டிப் பிடித்தார். நாச்சிமுத்து கையில் இருந்த டீ அவர் சட்டையில் கொட்டியது. அதுவும் அந்த நேரத்தில் அழகாகத்தான் இருந்தது.

மணியன் நோட்டுப் புத்தகத்தோடு மெதுவாக வந்தார்.

"ஜெயபிரகாஷ், வாய்க்கால் மேட்டுல பையனோட ஓடினீங்களா?"

"நானுங்களா? கரைமேல நடந்துட்டு இருந்தனுங்க. நடை கொஞ்சம் வேகமா இருந்திருக்கும்."

"பையன் முதுகுல தட்டினீங்களாமே."

"ஏனுங்க சார், ஆரு சொன்னது? தூரத்துல இருந்து பாத்தா அப்படித்தானுங்க தெரியும்."

அவ்வளவோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். எதிர்க்கரையில் நின்ற துணை நடுவருக்குத் தூரம். சரியாகத் தெரியவில்லை என்றுதான் அவரும் எழுதியிருந்தார். மணியன் தாளைப் புரட்டியபடி, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாத குரலில், "நாலு தட்டு தட்டினதா ஒருத்தர் சொல்றாரு," என்றார்.

ஜெயபிரகாஷின் முகம் சிவந்துவிட்டது. எந்தக் கிளீனராவது நாலு தட்டு தட்டுவானா? நாலு தட்டுக்கு என்ன அர்த்தம்? எந்த டிரைவர் அதைக் கேட்டு வண்டியை எடுப்பான்?

"நாலா? எந்த முட்டாப்பய சொன்னான்? ரெண்டு தட்டுங்க! ரெண்டே ரெண்டு! எண்ணித் தட்டினேன் நான்!"

மணியன் பேனாவைத் திறந்து எழுதினார். தீர்த்தகிரி போட்டியில் இல்லை. அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஓர் இடம் முன்னேற, ஐந்தாவது ஆளாக ஓடிய பையனின் இருபத்தொன்று இருபதானது. கூட்டுத்தொகை முப்பத்தாறு. சேலத்துக்காரர்களுக்கு முப்பத்திரண்டு.

ஜெயபிரகாஷ் மைதானத்தைச் சுற்றினார். மணியனிடம் போனார், பாதியில் திரும்பினார். குழாயைத் திறந்தார், முகம் கழுவாமல் மூடினார். கடைசியில் வேன் நிழலில் ஷூ கழற்றிக்கொண்டிருந்த தீர்த்தகிரியின் முன் வந்து நின்றார். ஏதாவது திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"அந்த மூணு பேரையும் நீ தாண்டியிருக்க மாட்டியோன்னு..." என்று இழுத்தார்.

தீர்த்தகிரி நாடாவை அவிழ்த்தபடி சொன்னான்: "தாண்டியிருப்பன் சார். கடைசி ஒரு கிலோமீட்டருக்குன்னு மூச்சை வச்சிருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

பரிசளிப்பு முடிந்தது. சேலத்துப் பையன்கள் சட்டை அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேனில் எல்லோரும் ஏறினார்கள். ஜெயபிரகாஷும் ஏறினார். முன்சீட்டுக்குப் போகாமல் தீர்த்தகிரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் நாச்சிமுத்து மரபுப்படி வண்டியை ஓரம் கட்டினார். கரூர் பஸ் ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். ஜெயபிரகாஷ் நகர்வதாகக் காணோம்.

"சார், வேலை எதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க," என்றார் ஜெயபிரகாஷ். "எடுங்க. பசங்க சாப்பிடல."

நாமக்கல் வரைக்கும் அவர் எழுந்திருக்கவே இல்லை.