கூட்டமாட்டா, குறைக்கமாட்டா

வாசலில் சப்பாத்துக்கு முன் வளையல்களைத்தான் மரியரஞ்சனி அன்ரி கழற்றுவார். மேலங்கிப் பையில் போட்டுவிட்டு, "இடையிலை என்ரை சத்தம் ஒண்டும் கேக்கப்படாது" என்பார். நோர்வேயில் பொலிசுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தமிழ் மொழிபெயர்க்க மோர்டென்ஸ்ருட்டிலிருந்து ரயிலேறி வருகிறவர். ஒரு சொல் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார்.

வகுப்பாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு என் குழப்படிகளை அடுக்கியபோது அன்ரிக்குக் கண்ணைக் காட்டிப் பார்த்தேன். பதினான்கும் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தன. நான் கண்ணைக் காட்டியது பதினைந்தாவது.

போன மார்ச்சில் ஒரு ஞாயிறு, ரொம்சோஸ் மாடிக்குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டுக் குகநேசன் மாமா படுக்கையிலேயே செத்துக் கிடந்தார். நாற்பத்துநாலு வயது. எங்கள் சனம் டொக்டருக்குப் போன் அடிக்கமுன் சொந்தக்காரர் எல்லோருக்கும் அடித்தது. டொக்டர் வரும்போது மாமா குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, மாப்பிள்ளை போலக் கிடந்தார். டொக்டர் நேரே பொலிசுக்கு அடித்தார். திடீர்ச் சாவென்றால் அறிவிக்கத்தான் வேண்டுமாம். உடலை வெட்டிப் பார்ப்பதா என்பதைப் பொலிஸ்தான் முடிவெடுக்குமாம்.

படத்தில் பார்த்ததெல்லாம் பக்கத்து வீட்டில்! எனக்கு நெஞ்சு துள்ளியது. பொலிஸ்காரி அன்ரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தொடங்கும் வரைக்கும்தான்.

"நான்தான் குளிப்பாட்டினனான்," என்றார் மாமாவின் மனைவி சிவநாயகி மாமி. "படுக்கை விரிப்பையும் தோய்ச்சுப்போட்டன். அவர் கடைசியாக் குடிச்ச தேத்தண்ணிக் கோப்பையையும் கழுவி வைச்சன்."

தடயம் எல்லாம் போச்சு! மாமியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் உதறல். அம்மா அன்ரியின் காலை மிதித்தார். "கோப்பையை விடும், ரஞ்சனி!"

அன்ரி விடவில்லை. "கோப்பையையும் கழுவி வைத்தேன்" என்று, தானே கழுவியதுபோல நோர்வே மொழியில் சொன்னார். பிறகு அதே முகத்தோடு, "பக்கத்தில் இருப்பவர் கோப்பையை விடச் சொல்கிறார்" என்றார்.

பொலிஸ்காரி அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார்.

"ஏன் கழுவினீர்கள்?"

"அவரை அழுக்கோடை அனுப்பேலுமே?" என்றார் மாமி. அதுவும் போய்ச் சேர்ந்தது.

உடலைக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் மாமி ஒன்றும் சாப்பிடவில்லை. "காட்டிக்குடுத்திட்டா" என்று படிக்கட்டெல்லாம் அன்ரிக்குத் திட்டு.

புதன்கிழமை பொலிஸ்காரி திரும்ப வந்தார். அன்ரியும் வந்தார், வளையல்கள் பைக்குள். மாரடைப்புத்தான், உடலை நாளைக்கே தருகிறோம் என்றார் பொலிஸ்காரி. அன்ரி அதைத் தமிழில் சொன்னார். மாமி நிமிரவில்லை. பொலிஸ்காரி மாமியைப் பார்த்து இன்னொரு வசனம் சொன்னார். எனக்கும் அந்த மொழி தெரியும். பொலிஸ்காரி ஒரே ஒருதரம்தான் சொன்னார்.

"நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை" என்றார் அன்ரி.

பிறகு கதிரையை விட்டு இறங்கி, மாமியின் முழங்காலடியில் குந்தி, திரும்பவும் சொன்னார்: "நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை."