பினாங்கு கப்பலுக்குக் குற்றாலம் வழியாக

திங்கட்கிழமை, காலை ஆறு மணி.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டிலிருந்து தென்காசி ரயிலடி ஒரு மைல். அங்கிருந்து மெட்ராஸ் ஓர் இரவு ரயில். மெட்ராஸிலிருந்து பினாங்கு ஏழு நாள் கடல். இவ்வளவு நீண்ட பயணத்தை நாங்கள் ரயிலடிக்கு முதுகைக் காட்டி, குற்றாலத்தை நோக்கித் தொடங்கினோம்.

போக வேண்டியவள் என் தங்கை சிவகாமி. அவள் புருஷன் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். கல்யாணமான நாற்பதாம் நாள் கப்பலேறியவர், நான்கு வருஷமாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து பெண்டாட்டிகளை வரவழைக்க அங்கே சட்டத்தை இறுக்கிக்கொண்டே வந்தார்கள். அலைந்து திரிந்து அவர் வாங்கிய அனுமதிப்படி அந்த மாதம் முடிவதற்குள் இவள் அங்கே கால் வைத்தாக வேண்டும். அதற்குள் போய்ச் சேரும் கப்பல் ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை மெட்ராஸை விடுகிறது. வியாழக்கிழமை துறைமுகத்து டாக்டர் முன்னால் போய் நிற்காதவர்களை ஏற்றமாட்டார்கள்.

ஐப்பசி அடைமழை. ரயில் எந்த ஊரில் படுத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமையே மெட்ராஸுக்கு வண்டி ஏறிவிடுவோம் என்றேன். சிவகாமியின் மாமியார் பகவதியம்மாள், எனக்கும் அத்தை முறைதான், ஒத்துக்கொள்ளவில்லை.

"தெரியாத ஊர்ல மூணு ராத்திரி சத்திரத்துல கெடக்கவா? புதங்கிழமை வண்டிக்குப் போனாப் போதும்" என்றார். ஆனால் செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். மெட்ராஸ் இருப்பது வடக்கே. அதற்கும் எங்கள் பக்கம் வழி உண்டு. நல்ல நாளில் வீட்டைவிட்டு இறங்கி, வேறொரு வீட்டில் தங்கிவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு அங்கிருந்து எந்த நாளிலும் கிளம்பலாம். வீட்டுக்கு மட்டும் திரும்பக்கூடாது. அத்தையின் சொந்தக்காரர் செல்லையா குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் பாதையில், சீசனுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். அவர் வீடு முடிவாயிற்று.

குதிரை வண்டிக்கு ஒன்றரை ரூபாய். வண்டிக்காரர் மாடசாமி பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கப்பலுக்குன்னுதான சொன்னிய? குத்தாலத்துல எப்பம் கடல் வந்துச்சு?"

"ஏலே, பேசாம ஓட்டு. இது புறப்பாடு. பயணம் புதங்கிழமை" என்றார் அத்தை.

"சரி ஆச்சி. எங் குதிரைக்கும் ஒருவாட்டி சொல்லிருங்க. அது ரயிலடிப் பக்கமே திரும்புது."

சிவகாமி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காயிற்று.

செவ்வாய்க்கிழமை.

விடிந்ததிலிருந்து மழை. சீசன் கூட்டம் போய்விட்ட குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கடைத் தாழ்வாரங்களில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெயினருவி செம்மண் நிறத்தில், கல்லும் கட்டையுமாக இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு அதுல தலையக் குடுத்தா தலை மட்டும் தென்காசி போயிரும்" என்றார் ஒருவர். சொன்னவரின் முகத்தில் சிரிப்பே இல்லை.

திரும்பி வரும்போது சிவகாமி கேட்டாள்: "நாப்பது நாள் பாத்த மொகம். எறங்குற கூட்டத்துல அவுகளுக்கு என்னய அடையாளம் தெரியுமா அண்ணே?"

"ஏட்டி, உன்னயத் தவிர வேற யாரத் தேடப் போறாவ?" என்றேன்.

புதன்கிழமை.

மெட்ராஸ் வண்டி சாயங்காலம். முன்னெச்சரிக்கையாக மதியமே வரும்படி மாடசாமியிடம் சொல்லியிருந்தேன். அவர் வந்தார். ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

செல்லையா வீட்டுக்கும் குற்றாலம் கடைத்தெருவுக்கும் நடுவில் ஓர் ஓடை, அதன்மேல் தாழ்வான ஒரு பாலம். முந்தின நாள் பாலத்தின் அடியில் முழங்காலளவுகூடத் தண்ணீர் இல்லை. இப்போது பாலத்தின் கைப்பிடிச் சுவர்கூடத் தெரியவில்லை. வேரோடு வந்த ஒரு மரம் பாலத்தின் மேலேயே புரண்டு போயிற்று.

"மாடசாமி, வண்டிய எறக்க முடியுமா?" என்று கத்தினேன்.

"நான் எறங்குவேன் அண்ணாச்சி. குதிரை எறங்காது. அதுக்கு என்னயவிட அறிவு சாஸ்தி!"

சிரிக்க முடியவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நானே இறங்கினேன். இடுப்பளவு வருவதற்குள் கால் பிடி விட்டது. செல்லையா என் வேட்டியைப் பிடித்து இழுத்து, பெட்டியோடு கரையில் போட்டார்.

"பெட்டி போனா வேற பெட்டி. நீரு போனா அவளக் கூட்டிட்டுப் போறது யாருய்யா?" என்று திட்டினார்.

"சுத்து வழி ஏதாவது?"

"மலை ஏறி எறங்கணும். ராத்திரி ஆயிரும்."

மூன்று மணிக்கு, இதோ வடிந்துவிடும் என்றார்கள். நான்கு மணிக்கும் அதையே சொன்னார்கள். அக்கரையில் குடை பிடித்தபடி நின்ற மாடசாமி, இருட்டத் தொடங்கியதும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். சிவகாமி ஓடையைப் பார்த்தபடி நின்றாள். ரயில் ஊதுவது கேட்கிறது என்றாள். எங்களுக்குத் தண்ணீர்ச் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை.

பத்து மணிக்குத் தண்ணீர் வடிந்தது. மாடசாமியின் வண்டியில் தென்காசி ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஒரே நம்பிக்கைதான் மிச்சம்: இத்தனை மழையில் நேற்றைய வண்டியும் எங்கேயாவது நின்றிருக்கும், இங்கேயே இன்னும் வராமல் இருந்தாலும் இருக்கும், ராத்திரிக்குள் போய் டாக்டர் காலில் விழுந்தாவது பார்க்கலாம்.

"நேத்து வண்டியா? ஒரு நிமிஷம் பிந்தல. டாண்ணு போயிட்டு" என்றார் டிக்கெட் கொடுக்கிறவர்.

அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்து. அதற்குள் அனுமதி செத்துவிடும். புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை என்று சிவகாமியின் புருஷன் கடைசிக் கடிதத்திலேயே எழுதியிருந்தார். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். தாமதத்துக்குப் பயந்து முன்னதாகக் கிளம்புங்கள், தப்பில்லை. ஆனால் முன்னதாகப் போய்க் காத்திருப்பது கப்பல் நிற்கிற ஊரில் இருக்கட்டும்.

தந்தி ஆபீசுக்குப் போகிறேன் என்று எழுந்தேன். சிவகாமி என் கையைப் பிடித்தாள்.

"இப்பம் அடிக்காதீய அண்ணே. கப்பல் போய்ச் சேருற வரைக்கும் அவுக நெனச்சிக்கிட்டே இருக்கட்டும்."

"துறைமுகத்துல வந்து தேடுவாவளேம்மா."

"தேடட்டும். அதுவரைக்குமாது நான் வந்துக்கிட்டுத்தான இருப்பேன்?"

அத்தை அப்போதுதான் அழுதார். வண்டியை எங்கே விடுவது என்று மாடசாமி எங்களைக் கேட்கவில்லை. வீட்டைப் பார்க்கத் திருப்பினார். சூலம் பற்றி யாரும் பேசவில்லை.

நான் தந்தி அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கப்பல் புறப்பட்டது. அதற்கடுத்த ஒரு வாரம், எங்கள் குடும்பத்தில் சந்தோஷமாக இருந்தவர் பினாங்கில் இருந்த அவர் ஒருவர்தான்.