ஒரு தடவைதான் கேட்பார்கள்

பெங்களூரில் காபி வேண்டாம் என்றால் காபி தரமாட்டார்கள். மல்லேஸ்வரத்துக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள், "காபி குடீதீரா?" என்று கேட்டாள். வேண்டாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே கன்னடத்தில் "பேடா" என்றேன். சரி என்கிற மாதிரி "ஆயித்து" என்று சிரித்துவிட்டுத் தன் டம்ளரைக் குடித்து முடித்தாள். வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். எங்கள் வாணியம்பாடியில் முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வெட்கத்துக்கு. மூன்றாம் முறை கேட்கும்போது டம்ளர் கைக்கு வந்திருக்கும். இது தெரியாத ஊரில் என்னைப் போலக் கூச்சப்படுகிறவள் பட்டினிதான் கிடக்க வேண்டும்.

என் மகன் சேகருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைகளில் சிடி வாடகைக்கு எடுத்து வருவான். எல்லாம் லண்டன் பக்கத்துப் படங்கள். கார் வெடிக்காது, பாட்டு கிடையாது. ஒரு சமையலறை, ஓயாத மழை, மூன்றே பேர். நாலு பேருக்கு வைத்து நாலு பேருக்கும் சரியாய்ப் போன குழம்பு மாதிரி ஒன்றரை மணி நேரத்தில் முடியும்; ஒரு சொட்டு மிச்சமிருக்காது. எனக்குப் பிடித்துப்போனது. பாஷை புரியாததால் கதாநாயகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு படத்தில் என் வயதுக்காரி, புருஷன் இல்லாதவள். பக்கத்து வீட்டுக்காரர் கடற்கரைக்குக் காரில் கூப்பிடுகிறார். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, ஏற்கெனவே சுத்தமாய் இருக்கிற மேசையைத் துடைக்கிறாள். அவர் போய்விடுகிறார். சேகர் படத்தை நிறுத்தினான்.

"பாத்தியாம்மா? ஒண்ணுமே பண்ணல. ஆனா போக ஆசப்படறா, கண்ணுல தெரியுது. என்னா ஆக்டிங்!"

"அந்த ஆளு இன்னொரு வாட்டி கேட்டா என்னாவாம்?"

"அங்கல்லாம் அப்படிக் கேக்க மாட்டாங்க அத்தை" என்றாள் மருமகள் ரேவதி.

கேட்டிருந்தால் பத்தாவது நிமிஷத்தில் படம் முடிந்திருக்கும். ஒரு தேசமே இரண்டாம் தரம் கேட்காமல் இருந்து, அதை வைத்துப் படமெடுத்துப் பிழைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷமே சேகருக்கு லண்டனில் வேலை போட்டார்கள். சாப்பிடும்போது, "நீயும் வரியாம்மா?" என்றான். பேத்தியை விட்டு எப்படி இருப்பது என்று தூக்கமில்லாமல் கிடந்தவள் நான். மனசு குதித்தது. "எனக்கு எதுக்குடா அதெல்லாம்? நீங்க போய்ட்டு வாங்க" என்று மரியாதையாக முதல் வேண்டாம் சொன்னேன். "சரிம்மா, ஒன் இஷ்டம்" என்று ரசம் ஊற்றிக்கொண்டான். வெள்ளைக்காரியின் கண்ணில் இருந்ததை எல்லாம் படித்த பிள்ளை! அவளைவிட நான் நன்றாக நடித்துவிட்டேன் போலிருக்கிறது. என் முகத்தை நிறுத்திப் பார்க்க அவனிடம் ரிமோட் இல்லை.

அவர்கள் போனதும் வாணியம்பாடியில் மகள் வீட்டுக்குப் போனேன். அங்கே வேண்டாம், வேண்டாம் என்று கையால் தட்டை மூடினாலும் விரல் மேலேயே இட்லி விழுகிறது. "பெங்களூருக்குப் போயி சாப்பிடவே மறந்துட்டியாம்மா?" என்கிறாள் மகள். முன்பெல்லாம் இனித்த விஷயம். இப்போதோ, நான் சொல்வதை ஒருத்தரும் காதில் வாங்குவதில்லையே என்று எரிச்சல் வந்தது. சேகர் காலி செய்யாமல் வைத்திருந்த மல்லேஸ்வரத்து வீட்டுக்கே திரும்பிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "தனியா இருக்கியேம்மா, இங்க வந்துடறியா?"

"வரேன்" என்றேன்.

முதல் தடவை கேட்டதற்கே நான் ஒப்புக்கொண்டது வாழ்க்கையில் அன்றுதான். வெட்கத்தில் காது சுட்டது. அவனுக்கு அது சந்தோஷமா, சங்கடமா? நான் முகம் பார்த்துப் பழகியவள்; போனில் முகம் இல்லை. 'வேண்டாம்டா, சும்மா சொன்னேன்' என்று அவனைக் காப்பாற்றிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இங்க ரொம்பக் குளிரும்மா" என்றான் கடைசியில்.

"ஸ்வெட்டர் இருக்குடா" என்றேன்.

இருக்கிறது. பெங்களூருக்கு வந்த பிறகு சிவாஜிநகரில் வாங்கியது. வாணியம்பாடியில் போட்டுக்கொண்டால் சிரிப்பார்கள். லண்டனுக்கு அது போதாது.