தை கிருத்திகையன்று என் வாய்க்கட்டு அவிழ்ந்தது

பேசத் தெரியாதவன் என்று சொல்லி என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். சீமையில், சாயத் தொழில் படிக்கப் போன இடத்தில், முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இன்று திருப்பதியில் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். நடுவில் முருகன் செய்த காரியத்தை நம் கிருத்திகை பஜனைக் கூட்டத்தார் அறிய வேண்டும். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நான் நகரிக்காரன். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தறி நெய்கிற தொழில். ஆந்திர ராஜ்யம் பிரிந்த மறு வருஷம், சாயத் தொழில் படிக்க இங்கிலாந்துக்கு மாணவர்களை அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு சித்தூரில் பரீட்சை எழுதினேன். எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பக்கத்தில் முருகனிடம் பெரிதாக எதையாவது கேட்பவர்கள் வாய்க்கட்டு விரதம் இருப்பார்கள். வெள்ளைத் துணியால் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு நடக்க வேண்டும். மலையேறி தரிசனம் முடிந்த பிறகுதான் கட்டை அவிழ்த்துப் பேசலாம். நான் அப்படி நடந்தேன். இடம் கிடைத்தது. அம்மா கப்பலுக்கு அனுப்பும்போது சொன்னாள்:

"மணி, அங்க எது ஒண்ணு ஆவணும்னாலும் கிருத்திகை அன்னைக்கு வாயைக் கட்டிக்கினு அவனக் கேளு. குடுப்பான்."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, சீமையிலும் கிருத்திகைதோறும் பொழுது சாயும்வரை வாயைக் கட்டினேன்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஆலை நகரம். எப்போதும் புகையும் குளிரும். வகுப்பில் வாத்தியார் பேசியதில் பாதி புரியவில்லை. புரியாதபோதும் தலையை ஆட்டினேன். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்த்தேன். ஊரில் வாத்தியார் முன்னால் அப்படித்தான் நிற்போம், அதற்கு மரியாதை என்று பேர். அங்கே அதற்கு மண்டூகம் என்று பேர். என் எழுத்துப் பரீட்சை நன்றாக இருந்தது. அதனால் யாரையோ பார்த்து எழுதினேன் என்று அவர்களுக்குச் சந்தேகமும் வந்தது.

என்னோடு ஒரே வீட்டில் சித்தூர்க்காரன் ரமணா தங்கியிருந்தான். தெலுங்கன், ஆனால் எங்கள் தமிழ் பேசுவான். அவனோடு ராத்திரி பகல் தமிழில் அரட்டை அடித்தேன். வீட்டுக்காரி மிஸஸ் டாப்சன் என்ற கிழவி ஏதாவது கேட்டால் ரமணாதான் பதில் சொல்வான். அவன் என் வாயாக இருந்தான். அது எவ்வளவு பெரிய கேடு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தை பிறப்பதற்குச் சற்று முன் கல்லூரித் தலைவர் கூப்பிட்டார். அடுத்த பருவத்தில் எங்களை ஆலைச் சாயப்பட்டறைக்குள் வேலை பழக அனுப்புவார்கள். அதற்கு முன் வாய்மொழிப் பரீட்சை உண்டு. அவர் சொன்னதன் சாரம் இது: கொதிக்கிற தொட்டியின் பக்கத்தில் ஒருவன் கால் வைத்தால், நில் என்று கத்தத் தெரியாத ஆளை நான் உள்ளே விட மாட்டேன். நீ தேறாவிட்டால் ஊருக்குப் போ.

அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

பயத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? விரதத்தைக் கூட்டினேன். கிருத்திகை போதாது என்று செவ்வாய்க்கிழமையும் வாயை மூடினேன். பிறகு வெள்ளியும் சேர்ந்தது. நாக்கைக் கொடு என்று கேட்டு நாக்கையே கட்டிப் போட்டேன். ரமணா தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒரேய் மணி, பேச்சு வேணும்னு சாமியக் கேக்குற. கேட்டுட்டு வாயைக் கட்டிக்கினு உக்காந்துக்குற. சாமி பாவம்ரா, ஏமி சேஸ்தாடு, என்ன செய்வாரு? கேக்குறவனுக்குப் பசியா, விரதமான்னு அவருக்கே புரியாது."

"நீ ஏழுமலையான் ஆளு. உனுக்கு என் சாமியப் பத்தி இன்னா தெரியும்?"

"எங்க சாமி மொட்டைதான் கேப்பாரு. மொட்டை அடிச்சிக்கினா கூட இங்கிலீஷ் பேசலாம்ரா."

அவனோடு ரெண்டு நாள் பேசவில்லை. அதையும் விரதத்தில் சேர்த்துக்கொண்டேன்.

தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. தறியை நம்பி இருக்கிற வீட்டில் நான் தோற்றுத் திரும்பினால் நைனா ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லாமல் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொள்வார். அந்த முதுகுதான் ராத்திரியெல்லாம் கண் முன்னால் நின்றது.

தை கிருத்திகை வந்தது. ரமணா காலையிலேயே கிளம்பிவிட்டான். பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த முருகன் படத்தின் முன் நின்று வாயைத் துணியால் கட்டினேன். மனதுக்குள் கத்தினேன். "முருகா, என்னால் முடியவில்லை. என் நாக்கை அவிழ்த்து விடு, இல்லையென்றால் இன்றைக்கே ஊருக்கு அனுப்பு. இப்படி நடுவில் நிறுத்தி வதைக்காதே." வேண்டுதலில் பணிவு இல்லை. சண்டைதான் இருந்தது. எனக்கு வேறு மாதிரி வேண்டத் தெரியாது.

படத்தை விட்டு நகர்வதற்குள் பின்பக்கம் தடாலென்று சத்தம். ஓடிப் பார்த்தேன். கரி எடுக்கப் போன மிஸஸ் டாப்சன் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து கிடந்தாள். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "ஏன் மரம் மாதிரி நிற்கிறாய்? யாரையாவது கூப்பிடு" என்றாள். அது புரிந்தது. என் கை வாய்த்துணிக்குப் போயிற்று. அவிழ்த்தால் விரதம் போச்சு. விரதம் போனால் பரீட்சை போச்சு, படிப்பு போச்சு, எல்லாம் போச்சு. துணியைப் பிடித்தபடி நின்றேன். ஒரு நொடிதான் இருக்கும். எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது.

அதற்குள் சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரெண்டு ஆண்கள் தாண்டி வந்தார்கள். ஒருவன் அவள் கக்கத்தில் கை கொடுத்தான். இன்னொருவன் அந்த மடங்கிய காலைப் பிடிக்கக் குனிந்தான்.

நான் நகரிக்காரன், பக்கத்து ஊர் புத்தூர். கால் ஒடிந்தவர்களைப் பலகையில் கிடத்தி, வண்டியில் வைக்கோல் பரப்பி, புத்தூர் எலும்புக்கட்டு வைத்தியத்துக்கு ஏற்றிப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். ஒடிந்த காலை இழுத்துத் தூக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

துணி எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. "தொடாதே! கால் உடைந்திருக்கிறது! பலகை கொண்டு வா!" என்று இங்கிலீஷில் கத்தினேன். இலக்கணம் கிடையாது. ஆனால் ரெண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கதவுப் பலகை வந்தது. கம்பளி வந்தது. நான் தெருமுனை டெலிபோன் கூண்டுக்கு ஓடினேன்.

அந்தக் கூண்டைக் கண்டாலே எதிர்ப்பக்கம் நடந்து போகிறவன் நான். நேரில் பேசினால் கையை ஆட்டலாம், முகத்தைக் காட்டலாம். டெலிபோனில் நாக்கு மட்டும்தான். எடுத்த பெண்ணுக்கு நான் சொன்ன தெருப்பெயர் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். மறுபடியும் என்ன என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரில் கோபம் வந்தால் எனக்குத் தமிழ் கொட்டும். அன்றைக்கு இங்கிலீஷ் கொட்டியது. தெருவை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கிழவி பனியில் கிடக்கிறாள், கால் ஒடிந்தது, நீ கேள்வி கேட்டுக்கொண்டிரு, அவள் விறைத்துப் போவாள் என்று திட்டினேன். அந்தப் பெண், "புரிந்தது ஐயா, வண்டி கிளம்பிவிட்டது" என்றாள். கூண்டை விட்டு வெளியே வந்து கிழவியிடம் ஓடினேன்.

கிழவியை ஏற்றிப் போனார்கள். நான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. தை கிருத்திகை. பொழுது சாயக்கூட இல்லை. வாயைத் திறந்து கத்தித் தீர்த்திருக்கிறேன். முருகன் படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பவே பயமாக இருந்தது. சாயங்காலம் வந்த ரமணாவிடம் சொன்னேன். வழக்கமாகக் கேலி பேசுகிறவன், அன்றைக்கு அடுப்பைப் பற்றவைத்தான். "காபி தாகு" என்று கோப்பையைக் கையில் கொடுத்தான்.

பிறகு வந்த நாட்கள் என்னை விடவில்லை. கிழவிக்குப் பிள்ளை குட்டி இல்லை. மருத்துவமனையில் பார்க்கும் நேரத்தில் போனால் பிடித்துக்கொள்வாள். பூனை தின்றதா, கரிக்காரன் ஏமாற்றினானா, அடுத்த வீட்டுக்காரி திரைச்சீலை மாற்றினாளா, எல்லாம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்கிற மாதிரி திருத்துவாள். வெட்கம் பிடுங்கும். மறுநாளும் போவேன். அவளுக்காகப் பால்காரனோடு பேசினேன், கரிக்காரனோடு சண்டை போட்டேன். ரமணாவிடம், "இனிமே எனக்காக நீ பேசாத" என்று சொன்னேன். "நூரேள்ளு பதுகுரா" என்றான். நூறு வருஷம் வாழ வாழ்த்தினான்.

ஆனாலும் பயம் போகவில்லை. பரீட்சை அறைக்குள் போகும்போது, உடைத்த விரதத்துக்கு இப்போது கணக்குத் தீர்ப்பான் என்றே நினைத்தேன். உள்ளே மூன்று பேர். முதல் கேள்வியே, பட்டறையில் உன் முன்னால் ஒருவனுக்கு விபத்து நேர்ந்தால் என்ன செய்வாய் என்பது.

உடம்பு சிலிர்த்தது. தலையை நிமிர்த்தி, படியில் விழுந்த கிழவியிலிருந்து டெலிபோன் பெண்ணைத் திட்டியது வரை சொன்னேன். தலைவர் முதல் தடவையாகச் சிரித்தார். தேறினேன்.

ஊர் திரும்பிய அன்றே அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். தை கிருத்திகையில் விரதத்தை உடைத்துவிட்டேன், பரிகாரம் என்ன என்று கேட்டேன். அவள் நூல் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"வாயைக் கட்றது நம்ம வேண்டுதல். தொறக்குறது அவன் வேலை. அவன் தொறந்துட்டான். நீ இன்னாத்துக்கு மறுபடி மூட்ற? போய்க் கும்பிட்டுட்டு வா."

போனேன். வாய்க்கட்டு இல்லாமல் திருத்தணிக்கு, வழியெல்லாம் அவன் பேரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். இப்போது எல்லை பிரித்து திருத்தணியைச் சென்னை ராஜ்யத்தில் வைத்துவிட்டார்கள். நகரியும் நாங்களும் ஆந்திராவில். வைக்கட்டும். எந்த ராஜ்யத்தில் கிடந்து கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்கும். சீமையிலிருந்தே கேட்டதே.

அன்றிலிருந்து கிருத்திகையன்று நான் மௌனம் இருப்பதில்லை. இப்போது வேலை பார்க்கிற திருப்பதியில் ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறேன். வடக்கேயிருந்து மலைக்கு வந்து, பாஷை தெரியாமல், வழியில் உடம்பு கெட்டவரைக் கையில் பிடித்துக்கொண்டு முழிக்கிறவர்கள் அங்கே எத்தனை பேர். இங்கிலீஷில் விஷயம் கேட்டு, அவர்களுக்காக வண்டிக்காரனிடமும் டாக்டரிடமும் பேசுகிறேன். இதுதான் என் விரதம்.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் கூட்டத்துக் கமலா நர்ஸ் படிப்புக்கு லண்டன் போகிறாள். அவள் அம்மா என்னிடம், "இவளுக்கும் வாய்க்கட்டு வேண்டிக்கட்டுமாண்ணா?" என்று கேட்டாள். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. கத்திவிட்டேன். அதற்கு மன்னிக்கட்டும்.

கமலா, முருகனை நம்பு. சந்தேகப்படாதே. கேட்டதைக் கொடுப்பான். ஆனால் அவன் கொடுக்கும்போது வாங்க வாய் திறந்திருக்க வேண்டும். புரியாததற்குத் தலையாட்டாதே. நம் பாஷைக்காரர்களோடு மட்டும் ஒண்டாதே. தப்பாகப் பேசு, சிரிப்பார்கள், சிரிக்கட்டும். டெலிபோனைக் கண்டு ஓடாதே. பயம் வரும்போது அவனைக் கூப்பிடு, கூப்பிட்ட வாயை மூடாமல் அடுத்த ஆளோடு பேசு.

வருகிற கிருத்திகைக்கு ஸ்டேஷனுக்கு வா. ரயிலிலிருந்து இறங்குகிற முதல் ஆளிடம் நீதான் பேச வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன், குறுக்கே பேச மாட்டேன்.