எண்பது வெள்ளித் துப்பாக்கி

பக்கிரிசாமியைத் தோட்டத்தில் 'எஸ்.சி.' என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க வந்த அவசரகாலத்தில், பத்தொன்பது வயதில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, துரை பங்களாவுக்குப் போகும் வளைவில் மணல் மூட்டைக்குப் பின்னால் ஏழு வருடம் நின்றவர். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த பிறகு தேயிலை பேக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. வளைவில் நின்ற பழக்கம் மட்டும் போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் செருப்பைப் பார்ப்பார், எந்த மண் ஒட்டியிருக்கிறதென்று.

"சாமியே நேர்ல வந்தாலும் ஐ.சி. கார்டு கேப்பாரு," என்பாள் மனைவி பாஞ்சாலை. அவர் சிரிக்க மாட்டார்.

பாஞ்சாலையின் தம்பி சிவசாமி லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் முட்டைகோஸ் போட்டிருந்தான். 1976இல் இரண்டு போகத்தைக் காட்டுப்பன்றிகள் தின்று தீர்த்தன. துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மூன்றாவதும் போனால் நிலத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடைக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தச் சமயத்தில்தான் காய்கறி லோரி ஓட்டும் ராஜு ஒரு சேதி கொண்டுவந்தான். வியட்நாம் சண்டை முடிந்துவிட்டது; சயாம் எல்லையில் பட்டாளத்துத் துப்பாக்கிகள் விறகுக்கட்டு மாதிரி மலிவாகக் கிடக்கின்றன; ஒன்று கையில் இருக்கிறது.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குத் தூக்கு. சிவசாமிக்கும் அது தெரியும்.

"பன்னிய சுடறவன எவன் மச்சான் தூக்குல போடுவான்? சாமான் நல்லதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க லா."

மைத்துனனைத் தடுக்கப் போவதாகப் பாஞ்சாலையிடம் சொல்லிவிட்டுப் பக்கிரிசாமி கிளம்பினார். பதினாறு வருடமாகத் தொடாததைத் தொடப்போகிறோம் என்பதைச் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம். சிவசாமியின் உரக் கொட்டகையில் ராஜு கோணியை அவிழ்த்தான். பக்கிரிசாமியின் வலது கை தானாகவே துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தது. அவர் அன்று தூக்கி நின்ற அதே ரகம்.

"இது இங்கிலீஸ்காரன் துப்பாக்கியாச்சே. வியட்நாமுக்கு எப்படிப் போச்சு?"

"சண்டைன்னா எல்லாந்தாண்ணே கலந்து கெடக்கும்."

குழாயில் துரு இல்லை. எண்ணெய் வாசனை புதிது. கட்டையின் ஓரிடத்தில் மட்டும் தேய்த்து வார்னிஷ் பூசியிருந்தது. அவருடைய துப்பாக்கியில் ஸ்டேஷன் எண் எழுதியிருந்தது அதே இடத்தில்தான்.

"எவ்வளவு?"

"முந்நூறு வெள்ளிண்ணே."

"நூத்தம்பது."

"சரிண்ணே."

பத்துக் காசு கோஸுக்கு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிறவன் ராஜு. பக்கிரிசாமி அவன் செருப்பைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"கட்டையில கீறல் இருக்கு. எண்பதுதான் தருவோம்."

"எடுத்துக்குங்க. யாரு வச்சிக்கப் போறது? நீங்களா, இவரா?"

பக்கிரிசாமிக்குப் புரிந்தது. இவனுக்குப் பணம் வேண்டாம். பிடித்துக் கொடுக்க, வாங்கும் ஆள்தான் வேண்டும்.

தலைத்துண்டை உருவி, பளபளப்புப் பார்ப்பவர்போல் குழாயையும் கட்டையையும் அழுத்தித் துடைத்தார். கோணியின் மேல் வைத்தார்.

"வேணாம். குழாய் தேஞ்சு போச்சு. இதுல பூனையக்கூட சுட முடியாது."

"மச்சான், எண்பது வெள்ளிக்குக் குடுக்குறான்!"

"அதனாலதான் வேணாங்கிறேன்."

ராஜு கோபப்படவில்லை. கோணியைச் சுருட்டிக்கொண்டு போனான்.

அதன் பிறகு அவன் லோரி அந்தப் பக்கம் வரவே இல்லை. ஈப்போவில் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருக்கிறான் என்றார்கள் வேறு சிலர். யாரையும் போலீஸ் பிடிக்கவில்லை. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. மூன்றாவது போகமும் போய், சிவசாமி தோட்டத்து லய வீட்டுக்கே திரும்பினான்.

"எனக்கு வேணாம்னு சொல்லிட்டு அவரே அமுக்கிட்டாரு. எஸ்.சி. வூட்டுக் கூரையில தேடிப் பாருங்க," என்று கடைசிவரை சொல்லித் திரிந்தான்.

பக்கிரிசாமி மறுக்கப் போகவில்லை. மறுத்தால் துப்பாக்கியைப் பற்றிப் பேச வேண்டும்.

நாலு மாதம் கழித்து, வாட்டும் மாடியில் கொழுந்தைப் பரப்பிக்கொண்டிருந்தவரின் கை பாதியில் நின்றது. அன்று குழாயைத் துடைத்தார். கட்டையைத் துடைத்தார். முதலில் தொட்ட போல்ட்டைத் துடைக்கவில்லை. அவர் விரல் ரேகை அதில் அப்படியே இருக்கும்.

1989இல் வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்த நினைப்பு விடவில்லை. மலைப்பாதையில் போலீஸ் ஜீப் முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டால் அவர் வலது கை ஸ்வெட்டர் பைக்குள் போய்விடும்.

"குளுருதா?" என்று கேட்பாள் பாஞ்சாலை.

"ஆமா," என்பார், ஜீப் தாண்டிப் போகும்வரை கையை எடுக்காமல்.