முப்பாட்டனைக் கீழே இறக்கிய புக்மார்க்

சிவராத்திரிக்கு முந்தின வாரம், மாட்டுத்தாவணியில் கொட்டாம்பட்டி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பூ மார்க்கெட் பக்கமிருந்து ஒருவர் விறுவிறுவென்று என்னை நோக்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்பின் பார்த்த முகமில்லை.

"சிம்மக்கல்லுல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கிறது நீங்கதான?"

ஆமாம் என்றேன். கல்யாணப் பத்திரிகை ஆர்டர் போலிருக்கிறது என்று நினைத்து, முகத்தில் ஒரு வியாபாரச் சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டேன்.

"எங்க முப்பாட்டனைக் கீழ எறக்கிவிட்டது நீங்கதானாய்யா?"

கேட்டுக்கொண்டே சட்டையைப் பிடித்துவிட்டார். பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட அதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாய்க்காலுக்காக அடித்துக்கொண்டவர்கள் உண்டு. வரப்புக்காக அடித்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு பிடிஎஃப் ஃபைலின் இடது ஓரத்துக்காக அடி வாங்கப் பார்த்த ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை அடித்தாலும், எனக்குச் சோறு போடுவது சிம்மக்கல்லில் இருக்கும் டிடிபி சென்டர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வந்து சேர்ந்த வம்பு இது. கொண்டுவந்தவர் பரமசிவம். பேரையூரில் உரக்கடை வைத்திருக்கிறார். பில் புத்தகம் அடிக்க வந்து, பழகி, நண்பராகிவிட்டவர்.

அவர் குடும்பக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அவர்களுடைய முன்னோர் ஒருவருக்கு இரண்டு மனைவிகள். இளையாளுக்குத்தான் முதலில் மகன் பிறந்தான் — சடையாண்டி. மூத்தாளுக்கு அதற்குப் பிறகு பிறந்தான் — முத்திருளன். இப்போது சொல்லுங்கள்... யார் மூத்தவர்? முதலில் பிறந்தவரா, மூத்தாள் வயிற்றில் பிறந்தவரா?

நீங்கள் யோசித்துச் சொல்வதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டு வருகிறார்கள். குலதெய்வம் ஒன்று, கோயில் ஒன்று. ஆனால் சிவராத்திரி அன்று முதல் விபூதி யாருக்கு என்பதில் தகராறாகி, சடையாண்டி வகையறா தனியாகப் பொங்கல் பானை வைக்கிறது, முத்திருளன் வகையறா தனியாக வைக்கிறது. பானை பிரிந்ததோடு போக்குவரத்தும் நின்றுபோனது.

பரமசிவம் முத்திருளன் வகையறா. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி செல்லத்தாய் காமாலையில் இறந்துபோனார். அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசியிருக்கிறார்.

"எம் பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போறோம்ணே. அடுத்த தெரு பூராம் பங்காளி வீடு. எல்லாரும் வாசல்ல நின்னு பாக்குறாக. ஒரு பொம்பள அழுகக்கூடச் செஞ்சுச்சு. ஆனா ஒருத்தரும் படியிறங்கல. வரக்கூடாதாம்ல... இனிமே யாரு வீட்டுலயும் இப்படி ஆகக்கூடாதுண்ணே."

அதற்காகத்தான் அவர் புத்தகம் போட்டார். இரண்டு வகையறாவுக்கும் சேர்த்து ஒரு குடும்ப மலர். வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டு, போட்டோ வாங்கி, எதிர்த்தரப்பு வீடுகளில் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் போய்... கடையைத் தம்பி பார்த்துக்கொண்டார். உரம் விற்றதைவிட உறவுமுறை எழுதியதுதான் அதிகம்.

புத்தகத்தில் யாரை முதலில் போடுவது? இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் ஒரு வரி இறங்கியதற்காக மொய் எழுதாமல் போன ஊர் நம்முடையது. ஆனால் இதற்கு, புத்தகத்தை அச்சடிக்க எடுத்துக்கொண்ட அச்சகக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தகத்துக்கு இரண்டு முன் அட்டை! இந்தப் பக்கம் திறந்தால் சடையாண்டி வகையறா. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி அந்தப் பக்கம் திறந்தால் முத்திருளன் வகையறா. இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். அவரவர் கையில் அவரவர் வகையறா முதலில்.

இரண்டு தரப்புக்கும் திருப்தி. பெரியவர்கள் கோயிலில் கூடிப் பேசினார்கள். வருகிற சிவராத்திரிக்கு ஒரே பானை என்று முடிவானது. பரமசிவம் அன்றைக்கே பஸ் ஏறி எனக்குச் சொல்ல வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புத்தகமும் அச்சாகி வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் "எங்களுக்கு சிடியில் வேண்டும்" என்று கேட்டார்கள். அச்சகத்து ஆபரேட்டர் புத்தகத்தை பிடிஎஃப் ஆக்கி சிடியில் போட்டுக் கொடுத்தார்.

பிடிஎஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கிரீனில் புத்தகம் வலது பக்கம் தெரியும். இடது ஓரத்தில் பொருளடக்கம் மாதிரி தலைப்புகள் வரிசையாக நிற்கும். அதற்குப் பெயர் புக்மார்க். ஒரு தலைப்பைத் தட்டினால் அந்தப் பக்கத்துக்குப் போகலாம். பெரிய தலைப்புக்குள் சின்னத் தலைப்புகளை அடக்கியும் வைக்கலாம். பக்கத்தில் இருக்கும் பிளஸ் குறியை அமுக்கினால் உள்ளே இருப்பவை வெளியே வரும்.

இந்த வரிசையை ஆபரேட்டர் கையால் செய்யவில்லை, சாஃப்ட்வேரே செய்துகொண்டது. அதற்கு மூத்தாள் தெரியுமா, இளையாள் தெரியுமா? ஒரு புத்தகத்துக்கு ஒரு முன் அட்டைதான் என்பது அதன் கணக்கு. சடையாண்டி வகையறாவைப் பெரிய தலைப்பாக வைத்தது. இரண்டாவது அட்டையை இன்னொரு அத்தியாயம் என்று நினைத்து, முத்திருளன் வகையறா மொத்தத்தையும் தூக்கி சடையாண்டிக்குள் போட்டு மூடிவிட்டது.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் முத்திருளன் வகையறாப் பையன் ஒருவன் இதைப் பார்த்திருக்கிறான். ஊருக்கு போன் போட்டான். "அவங்களுக்குள்ள நம்மள அடைச்சு வச்சிருக்காங்க சித்தப்பா. பிளஸ்ஸை அமுக்குனாத்தான் நம்ம வெளியவே வர்றோம்."

மறுநாள் பரமசிவம் என் முன்னால். "அண்ணே, இதைச் சரி பண்ணிக் குடுத்துருங்க. இம்புட்டுத்தான வேலை?"

இம்புட்டுத்தான் வேலை. முத்திருளனை மவுஸால் பிடித்து வெளியே இழுத்தேன். இரண்டு வகையறாவும் ஒரே மட்டத்தில் நின்றன. அந்த இடது ஓரத்தில் நம் தமிழ் ஃபாண்ட் பூச்சி பூச்சியாகத் தெரிந்ததால் தலைப்புகளை இங்கிலீஷ் எழுத்தில் சுத்தமாக அடித்தேன். பெருமையாகக் காட்டினேன்.

பரமசிவம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பவும் நாங்க கீழதானண்ணே இருக்கோம்?"

"கீழ இல்லை பரமசிவம். ரெண்டும் சமம். ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்ணே..."

என்னென்னவோ செய்து பார்த்தேன். குலதெய்வத்தின் பெயரை மேலே போட்டு இரண்டையும் அதற்குள் அடக்கினேன். பிளஸ்ஸை அமுக்கியதும் ஒன்று மேலே, ஒன்று கீழே. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த அந்த ஓரத்தில் வழியில்லை. புக்மார்க்கையே எடுத்துவிடலாம் என்றால், திறந்ததும் முதலில் வருவது யாருடைய அட்டை? காகிதத்தைத் திருப்பிப் பிடிக்கலாம். கம்ப்யூட்டரை என்ன செய்வது, தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதா?

"பேசாம ரெண்டு தரப்புக்கும் தனித்தனி சிடி போட்டுருவோமா?" என்று கேட்டேன்.

பரமசிவத்துக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "அதுக்கு நான் ஏண்ணே நாயா அலைஞ்சேன்? வேண்டாம். ஒரே சிடிதான்."

கடைசியில் எனக்கு ஒரு யோசனை. தலைப்புகள்தான் இங்கிலீஷில் இருக்கின்றனவே, ஏ பி சி டி வரிசையில் வைத்தால் யார் குறை சொல்ல முடியும்? 'எம்' முதலில், 'எஸ்' பிறகு. முத்திருளன் மேலே போனார், சடையாண்டி கீழே வந்தார். எந்தத் தரப்பையும் சாராத, எழுத்துகள் கொடுத்த தீர்ப்பு! புதிய சிடியை எடுத்துக்கொண்டு பரமசிவம் ஊருக்குப் போனார்.

இப்போது மாட்டுத்தாவணிக்கு வருவோம். என் சட்டையைப் பிடித்தவர் சடையாண்டி வகையறா. சிவராத்திரிக்கு மாலை சொல்ல வந்தவர். நான் எழுத்து வரிசையை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"தமிழ்ல சானா முதல்லயா, மானா முதல்லயா?"

"சானா..." என்றேன்.

"அப்ப எதுக்கு வெள்ளக்காரன் எழுத்தக் கொண்டாந்து எங்க ஆள எறக்குறீக? எம்புட்டுக் குடுத்தாக?"

சட்டையை விட்டுவிட்டார்.

"நீங்க அந்த சிடியப் பாத்தீகளா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல ஏது கம்ப்யூட்டரு?"

பிறகுதான் விசாரித்தேன். ஸ்கிரீனின் அந்த இடது ஓரத்தை மட்டும் யாரோ பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, டீக்கடை டீக்கடையாகக் கொடுத்திருக்கிறார்கள். பழைய சிடியின் ஓரம் ஒன்று, புதிய சிடியின் ஓரம் ஒன்று. சண்டை போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் புத்தகத்தை ஸ்கிரீனில் பார்த்ததே இல்லை. ஒருவரும் உள்ளே போய் ஒரு பக்கம் படிக்கவில்லை. வெறுத்துப்போய்விட்டது எனக்கு.

சிவராத்திரிக்கு பரமசிவம் அழைத்திருந்தார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் ஒரு நப்பாசை, போனேன். பொட்டல் காட்டில் கோயில். வேனிலும் டிராக்டரிலும் வந்து இறங்கிய கூட்டம். பொழுது சாய்கிற நேரத்தில் அடுப்பு மூட்டினார்கள்.

இரண்டு அடுப்பு. இரண்டு பானை.

இந்தப் பானை பொங்கியதும் இந்தப் பக்கத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். அது அடங்குவதற்குள் அந்தப் பக்கத்துக் குலவை அதைவிடச் சத்தமாகக் கிளம்பியது. பரமசிவம் ஒரே பானைக்கென்று வாங்கி வந்த பெரிய பித்தளைப் பானை, வைக்கோல்கூடப் பிரிக்கப்படாமல் வேனுக்குள்ளேயே இருந்தது. அவர் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் வகையறாவில் ஒருவர் வந்து, "வாங்கண்ணே, விபூதி வாங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

"போங்கப்பா... வாரேன்" என்றார். போகவில்லை.

இதெல்லாம் நடந்து நான்கு வாரம் ஆகிவிட்டது. போன திங்கட்கிழமை பரமசிவம் மறுபடியும் சென்டருக்கு வந்தார். டீ சொன்னேன், வேண்டாம் என்றார்.

"அந்தப் புத்தகத்த ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துருங்கண்ணே. ஆளுக்கொரு சிடி. கேக்குறாக."

"நீங்கதான வேண்டாம்னீங்க?"

"அப்ப வேண்டாம்னு இருந்துச்சு."

அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. வேலையை ஆரம்பித்தேன். இத்தனை நாள் மல்லுக்கட்டிய அந்த ஃபைல், பிரிக்க வேண்டும் என்றதும் எவ்வளவு சுலபமாகக் கேட்டது தெரியுமா? பக்கங்களைத் தேர்ந்தெடுத்தேன், தனியாக எடு என்றேன். எடுத்துவிட்டது. இரண்டு ஃபைலிலும் புக்மார்க் அவ்வளவு கச்சிதம். அவரவர் ஃபைலில் அவரவர் மேலே.

ஒரே ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியது. புத்தகத்தின் நடுப்பக்கம், இரண்டு வகையறாவும் வந்து முட்டுகிற இடம். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தலைகீழாக இருக்கக்கூடாது என்பதற்காகப் படுக்கை வாட்டில் அச்சிட்டிருந்தார்கள். ஒரே பானை என்று முடிவான அன்று கோயில் வாசலில் எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோ. போட்டோகிராபர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது. வகையறா பார்க்காமல், நெட்டையானவர்களைப் பின்னாலும் குட்டையானவர்களை முன்னாலும் உயரப்படி நிறுத்தியிருந்தார். யார் எந்தத் தரப்பு என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. தேடித் தேடி, என் சட்டையைப் பிடித்தவரை மட்டும் கண்டுபிடித்தேன். பரமசிவத்தின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதை எந்த சிடியில போட?" என்று கேட்டேன்.

பரமசிவம் ஸ்கிரீன் பக்கம் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு சிடி இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டு பேருமே கேக்க மாட்டாகண்ணே. விட்டுருங்க... போயிட்டு வாரேன்."

அழிக்க எனக்கு மனசு வரவில்லை. தனி ஃபைலாக என் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

ஒரே பக்கம்தான் — அதற்கு புக்மார்க் தேவையில்லை.