ரெஃபரன்ஸ் பட்டியலில் என் வரி

அமெரிக்காவுக்கு வந்து பிஸ்கட்டவேயில் நாங்கள் முதலில் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் ஒரு சாப்பாட்டு மேசை இருந்தது. டெக்சஸுக்கு மாறிப்போன ஒரு குடும்பம் சும்மா கொடுத்துவிட்டுப் போனது. அதில் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுவோம். மேசை முழுக்கக் காகிதம். கணவர் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்தபின் ஒரு பேராசிரியரிடம் பார்க்கும் ஆராய்ச்சி வேலை. எனக்கோ வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. அவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்கள், அதாவது மேற்கோள் காட்டிய கட்டுரைகளை வரிசையாகச் சொல்லும் ரெஃபரன்ஸ் பட்டியல், என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

அதை யாராவது போரடிக்கிற வேலை என்றால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வரும். ஒரு ஜர்னல் வருடத்தை அடைப்புக்குறிக்குள் கேட்கும், இன்னொன்று கடைசியில் கேட்கும். ஒன்றுக்குக் கட்டுரையை எழுதிய எல்லார் பெயரும் வேண்டும், இன்னொன்று ஆறு பேருக்கு மேல் சேர்க்காது. வீட்டுக்கு வீடு சாம்பார் மாறுகிற மாதிரிதான். ஒரு ஜர்னல் கட்டுரையைத் திருப்பி அனுப்பினால், அடுத்ததற்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்ற வேண்டும். கணினியில் அதற்கென்று மென்பொருள் உண்டுதான். ஆனால் நம்மவர்கள் பெயரைப் பார்த்தால் அது தடுமாறிவிடும். இனிஷியலைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, ஆளை ஒற்றை எழுத்தில் நிற்க வைக்கும். மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்து ஒவ்வொன்றாக நான் சரிசெய்வேன். மதியத்தில் ஜன்னல் வழியே வெயில் விழும், ரேடியேட்டர் கடகடவென்று சத்தம் போடும். கையில் காப்பியோடு ஒரு காற்புள்ளிக்காக அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். இப்போது சம்பளத்துக்கு ஒரு மருந்து கம்பெனியில் இதே வேலைதான் பார்க்கிறேன், இரண்டு பெரிய திரைகள் வைத்துக்கொண்டு. இருந்தும் அந்த மதியங்களுக்காக மனம் ஏங்குகிறது.

நான் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட கட்டுரையைப் பற்றி. சாயக் கழிவைத் தின்னும் பாக்டீரியா பற்றியது. அதில் இருபத்து மூன்றாவது ரெஃபரன்ஸ் என்னுடையது. திருப்பூர் பக்கம் எம்.ஃபில் படித்தபோது நான் எழுதிய ஒரே கட்டுரை. யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன ஜர்னலில் வந்தது. நானும் ஒரு காலத்தில் ஆராய்ச்சி செய்தவள் என்பதற்கு இந்த நாட்டில் அந்த ஒரு வரிதான் சாட்சி.

அந்த வரியிலும் என்னைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். அன்றைக்கு ஜர்னலின் படிவம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டதும், யோசிக்காமல் அப்பாவின் பெயரை முழுசாக எழுதிவிட்டேன். அதிலிருந்து எங்கே மேற்கோள் காட்டினாலும் அப்பா முழுசாக வருவார், நான் அவருக்குப் பின்னால் ஓர் எழுத்தாக வருவேன். எட்டாவது வரை படித்து, சாயப்பட்டறையில் வேலை பார்த்த மனிதர் விஞ்ஞானிகள் வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். எனக்கு அதில் பெருமைதான்.

முதல் ஜர்னல் திருப்பி அனுப்பியது. இரண்டாவது ஜர்னலின் விதி, நாற்பது ரெஃபரன்ஸுக்கு மேல் கூடாது. எங்களிடம் நாற்பத்தேழு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவர் பென்சிலோடு உட்கார்ந்தார். அவருடைய பாஸ் எழுதிய கட்டுரைகள் மட்டும் எட்டு. அவற்றைத் தொட்டால் வேலை போய்விடும். மற்றவற்றில் ஆறை அடித்தார். இன்னும் ஒன்று போக வேண்டும். பென்சில் இருபத்து மூன்றில் வந்து நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து முப்பத்தொன்றுக்குப் போனது. இரண்டும் ஒரே வாக்கியத்துக்கான ஆதாரங்கள்.

"உன்னோடத எடுக்க மாட்டேன், டென்ஷன் ஆகாத" என்றார்.

"நான் எங்க டென்ஷன் ஆனேன்?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. தேர்ட்டி ஒன்ன டெலீட் பண்ணிடலாமா? நான் அத சும்மா மேலாப்ல பாத்ததுதான். நீதான ரெண்டையும் முழுசா படிச்சவ, நீயே சொல்லு."

நான் முழுசாகப் படித்திருந்தேன், அதுதான் பிரச்சினை. முப்பத்தொன்று எங்கோ ஒரு தூர தேசத்துப் பெண் தனியாக எழுதியது. நான் சாயத் தண்ணீருக்குள் இறங்கி இரண்டு இடத்தில் மண் எடுத்து முடிவு சொன்ன விஷயத்துக்கு, அவள் ஒரு வருடம் முழுக்க மாதாமாதம் மண் எடுத்திருந்தாள். எங்கே தவறு வரலாம் என்பதையும் அவளே எழுதியிருந்தாள். என்னுடையதைவிட அது நூறு மடங்கு மேல்.

"பண்ணிடுங்க. ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். நான் எண்களை எல்லாம் மாற்றி எழுதினேன். என் வரி இருபத்தொன்று ஆனது.

சில மாதங்களில் கட்டுரை ஏற்கப்பட்டது. அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க ப்ரூஃப் வந்தது. திருத்தம் இருந்தால் இரண்டு நாளில் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காலையிலேயே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, அந்தப் பக்கத்தை போனுக்கு நேராகப் பிடித்தேன்.

"அப்பா, உங்க பேரு அமெரிக்கா ஜர்னல்ல வருதுங்கப்பா!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலரவில்லை.

"என்ற பேரு இருக்குது. உன்ற பேரு எங்க கண்ணு?"

"பின்னாடி ஒரு எழுத்து இருக்குதுங்களே, அதுதானுங்கப்பா நானு."

கண்ணாடியைக் கழற்றினார். "சாயத் தண்ணிக்குள்ள எறங்குனது நீ. கால் பூரா கொப்புளம் வந்து ஒரு வாரம் நடக்க முடியாமப் படுத்திருந்தது நீ. நான் கரை மேல மொபெட்டப் புடிச்சுட்டு நின்னேன். என்ற பேரு எதுக்கு கண்ணு அதுல? செஞ்சவங்க பேரயில்ல போடோணும்?"

அது இந்த ஊர் வழக்கம் என்று என்னவோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்காக இல்லை. ஒரு வருடம் மாதாமாதம் மண் எடுத்தவளுக்கும் காலில் கொப்புளம் வந்திருக்கும் என்று தோன்றிவிட்டது. அவளை நான் கூசாமல் அடித்துப் போட்டிருந்தேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன். "நான் அன்னிக்குப் பொய் சொன்னேங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. என்னோடத எடுத்துட்டு அவங்களோடதப் போடுங்க."

"ப்ரூஃப் ஸ்டேஜ்ல போய் மாத்தறதா? பாஸ் கேட்டா என்ன சொல்றது?"

"லிஸ்ட் போட்டது என் பொண்டாட்டி, தப்புப் பண்ணிட்டான்னு சொல்லுங்க."

"ஷ்யூரா? உன்னோடது அந்த ஒண்ணுதான இருக்கு."

"ஷ்யூர்."

திருத்தத்தை நானே தட்டினேன். அவளுடைய பெயரில் எழுத்துகளுக்கு மேலும் கீழுமாகப் புள்ளிகள் இருந்தன. மூலத்தை வைத்து மூன்று முறை சரிபார்த்தேன். அனுப்பிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். நல்ல காரியம் செய்த திருப்தி எல்லாம் வரவில்லை, சொத்தென்று ஏதோ விழுந்த மாதிரிதான் இருந்தது.

அடுத்த மாதம் அப்பா ஞாபகமாகக் கேட்டார்.

"அந்தப் புஸ்தகம் வந்துருச்சா கண்ணு? என்ற பேர எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்கப்பா."

"அதான பாத்தேன்!" அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "இப்ப உன்ற பேரு முழுசா வந்துருக்குமல்லோ?"

வந்திருக்கிறது என்று சொன்னேன்.